போதும் என்று சொன்னவன்

மொச்சை உரித்துக்கொண்டிருந்த நஞ்சப்பன் தன் கன்னத்தில் தானே பளாரென்று ஒன்று வைத்துக்கொண்டான். கொஞ்சம் காய் உரித்தான். மறுபடியும் பளார்.

மடத்துக்குள்ளிருந்து கடுகுச் சாமி கத்தினார்.

"அங்க யாருய்யா அப்பளம் நொறுக்கறது?"

"நான்தானுங்க சாமி."

"அப்பளமா?"

"கன்னமுங்க."

கரண்டியோடு வெளியே வந்தார் சாமி. கடுகுச் சாமி பெண். நஞ்சப்பனைவிட வயதில் சிறியவர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. எண்ணெயில் விழுந்த கடுகுபோலப் பொரிவதால் மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் வைத்த பெயர் இது. இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பொரிவார்.

"காலையிலயிருந்து பட்டுப் பட்டுன்னு கேக்குது. எதுக்கு அடிச்சுக்கறே?"

"அது வந்துதுங்க. அதான்."

"எது?"

"கெட்ட நினைப்பு."

"அடிச்சா போகுதா?"

"போகுதுங்க. போயிட்டு உடனே வந்துருது."

"அப்ப அடி வாங்கினது யாரு?"

நஞ்சப்பன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். பூரிபோல உப்பியிருந்தது.

"சாமி, நான் உங்ககிட்ட வந்ததே இதைப் போக்கிக்கத்தான். தண்ணி எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். சாணி அள்ளச் சொன்னீங்க, அள்ளினேன். அது போகலை. இன்னிக்கு எனக்கு ஒரு வழி சொல்லுங்க. சொல்லலைன்னா இந்த மொச்சையைத் தொட மாட்டேன்."

"மொச்சைக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். என்ன நினைப்புய்யா அது?"

"சொல்ல மாட்டேன்."

"வைத்தியர்கிட்டப் போயி எங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டியா?"

நஞ்சப்பன் ஒரு விரலை மேலே காட்டினான். சாமி அண்ணாந்து பார்த்தார். ஓடு தெரிந்தது.

"மேல என்ன, பல்லியா?"

"அஸ்து தேவதைங்க."

வானத்தில் அஸ்து தேவதைகள் ஓயாமல் சுற்றுகிறார்கள் என்று அவன் வீட்டில் நம்பிக்கை. கீழே யார் எதைச் சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிடுவார்களாம். நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துப் பார்க்க மாட்டார்களாம். அதனால் அவன் வீட்டில் கெட்ட சொல்லே வாயில் வரக் கூடாது. அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். வெளியே கிளம்புகிறவன் 'போறேன்' என்றால் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து 'வர்றேன்' என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்கள்.

சாமிக்கு மூக்கு விடைத்தது.

"ஏய்யா, இந்த அடிவாரத்து ஊருல ஒரு நாளைக்கு எத்தனை பேரு 'நாசமாப் போ'ன்னு கத்தறாங்க! தண்ணிக் குழாய்ல மட்டும் நின்னு கேட்டிருக்கியா? 'உங்குடி விளங்காது', 'உன் கையில புத்து வெக்க', 'நீ வெளங்குவியாடி'... உன் தேவதைங்க இதுக்கெல்லாம் ஆகட்டும், ஆகட்டும்னு சொல்லியிருந்தா இந்த ஊருல ஒரு கோழியாச்சும் மிஞ்சியிருக்குமா?"

"அது சண்டையில சொல்றதுங்க. நான்... உள்ளுக்குள்ள கேக்கறது."

"வெளிய கத்தினா கேக்காது, உள்ள முனகினா கேக்கும். நல்ல காதுய்யா!"

நஞ்சப்பனுக்குக் கோபம் வந்தது. ஆனால் சாமி கையில் கரண்டி இருந்தது.

"சரி. நினைப்பைச் சொல்லாதே. நடந்ததைச் சொல்லு. வீட்டை விட்டு ஏன் ஓடி வந்தே?"

நடந்ததைச் சொன்னான்.

நஞ்சப்பனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைச்சன் குழந்தை. பெயர் வைத்துத் தொட்டிலில் போடும் நாளில் மாமனார் வீட்டார் திரண்டு வந்திருந்தார்கள். தகப்பன்தான் குழந்தையைக் கையில் வாங்கித் தொட்டிலில் போட வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். அத்தைக்காரி அதைக் குழந்தையின் காதில் சொல்ல வேண்டும். நஞ்சப்பனின் தங்கை தொட்டில் பக்கம் குனிந்து தயாராக நின்றாள்.

மாமியார் குழந்தையை நீட்டினாள். "இந்தாங்க மாப்ள, மகராசியக் கையில வாங்குங்க."

நஞ்சப்பன் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து அது வந்தது. நீட்டிய கை பின்வாங்கியது. 'வேண்டாம் அத்தை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். நல்ல நாளில் 'வேண்டாம்' என்று சொல்லலாமா? பந்தியில் சோறு வேண்டாம் என்றால்கூட அவன் வீட்டில் என்ன சொல்வார்களோ அதைச் சொன்னான்.

"போதும்."

"என்ன பேரு சொன்னாரு?" என்றது ஒரு குரல்.

"போதுமாம்."

"போதும்பொண்ணா?"

"தலைச்சனுக்கேவா!"

வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில், இதோடு நிறுத்து என்று கடவுளிடம் கோபித்துக்கொண்டு கடைசிப் பெண்ணுக்கு வைக்கிற பெயர் அது. தங்கை திருதிருவென்று விழித்தாள். அண்ணன் சொல்லிவிட்டான், அப்பீல் ஏது? குனிந்து குழந்தையின் காதில் சொல்லிவிட்டாள். "போதும்பொண்ணு, போதும்பொண்ணு, போதும்பொண்ணு."

பந்தியில் உட்கார்ந்திருந்த மச்சினன் கருப்பணன் பாதிச் சோற்றில் இலையை வெளிப்பக்கமாக மடித்தான். உன் உறவும் வேண்டாம், உன் சோறும் வேண்டாம் என்று அர்த்தம். மனைவி பாவாயி, பிள்ளை பெற்ற உடம்போடு, நஞ்சப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் புழக்கடை வழியாக நடந்தவன்தான். இந்த மடத்தில் வந்து நின்றான்.

"அப்புறம் வீட்டுக்குப் போகவே இல்லையா?"

"எப்படிங்க போ... வர்றது? குழந்தை இருக்கற வீடு. அது போனதும் நான் வீட்டுக்கு... வர்றேன்."

"எங்கருந்து எங்க வர்றே? பேசறது எனக்கே புரியலை!" சாமி கரண்டியால் தூணைத் தட்டினார். "இத்தனையும் சொன்னே. நடுவுல இருக்கற பருப்பை மட்டும் முழுங்கிட்டே."

கீழே ஒரு வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் படியேறி ஒரு பெண் வந்தாள். தோளில் குழந்தை. முகம் சிவந்திருந்தது, வெயிலால் மட்டும் இல்லை.

"எங்க அந்தப் போதும்?" என்றாள்.

நஞ்சப்பன் மொச்சைக்கூடைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். கூடை சின்னது.

பாவாயி சாமியைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். "கும்பிடறனுங்க சாமி. எங்கண்ணன் கீழ வேன்ல உக்காந்திருக்கு. மேல வந்தா கொலை விழுந்துரும்னு நான்தான் வர வேண்டாம்னுட்டேன். இந்த மனுசங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கணும். கேட்டுட்டு எங்க அம்மா வீட்டுக்கு ஒரேயடியாப் போறேன்."

"போறேன்னு சொல்லாத பாவாயி" என்றான் நஞ்சப்பன், பழக்கதோஷத்தில்.

"போறேன்! போறேன்! போறேன்! என்ன பண்ணுவீங்க?"

குழந்தை நெளிந்தது. பாவாயி அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே குரலை இறக்காமல் பேசினாள்.

"பொட்டப்புள்ளைன்னுதான தொடலை? இவ பொறந்து ஆஸ்பத்திரியில குடுத்தப்பவே வாங்கலை. வீட்டுல நான் குளிக்கப் போறப்ப ஒரு நிமிசம் புடிங்கன்னா, மாட்டுக்குத் தண்ணி வெக்கணும்னு ஓடினீங்க. நம்மகிட்ட மாடே கெடையாது! சொல்லுங்க. பொட்டப்புள்ள வேண்டாம்னுதான? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. சொல்லிட்டா எறங்கிருவேன்."

நஞ்சப்பன் வாயைத் திறந்தான். "இ..." என்றான். நின்றுவிட்டது. அவன் வீட்டில் 'இல்லை' என்ற சொல்லும் கிடையாது.

"பாத்தீங்களா சாமி? வாய் வரலை."

கடுகு பொரிந்தது.

"ஏய்யா! பொண்டாட்டி போயிட்டே இருக்கா, புள்ளை போயிட்டே இருக்கு, அண்ணன்காரன் கீழ பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கான். ஒரு 'இல்லை'யச் சொல்றதுக்கு உனக்கு நல்ல நேரம் பாக்கணுமா? அந்தத் தேவதைக்குப் பயந்து பயந்து, எது நடக்கக் கூடாதுன்னு பயந்தியோ அது உன் கண்ணு முன்னாடி நடக்குது. வாயைத் தொற!"

"இல்லை!" என்று கத்தினான் நஞ்சப்பன். அவன் சத்தம் அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. "இல்லை, இல்லை, இல்லை! பொட்டப்புள்ளைன்னு இல்லை. எனக்கு இவளைப் பாத்தா... ஆஸ்பத்திரியில நர்சம்மா நீட்டினப்ப உள்ள ஒண்ணு சொல்லுச்சு. கீழ போடுன்னு சொல்லுச்சு. கையில வாங்கி, கீழ போடுன்னு. எப்ப பாத்தாலும் அதையேதான் சொல்லுது. பெத்த தகப்பனுக்கு இப்படித் தோணுமா? நான் மனுசனா? அதான் தொடலை. அதான் ஓடி வந்தேன்!"

சொல்லிவிட்டுத் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். ஓட்டுக்கு அப்பால் வானத்தில் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

பாவாயி குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு பேசினாள். கோபம் குறையவில்லை. கூடியிருந்தது.

"இதுக்கா?"

"என்ன இதுக்காங்கறே?"

"இதுக்கா என்னை ஊர் முன்னாடி அழ வெச்சீங்க? எனக்கு வரலையா? இவளைத் தூக்கிட்டுக் கெணத்து மேட்டுல நடக்கறப்ப, உள்ள தூக்கிப் போடுன்னு பச்சையா ஒண்ணு சொல்லுச்சு. ஒடம்பெல்லாம் ஆடிப் போச்சு."

"உனக்குமா? அப்புறம்... நீ என்ன பண்ணினே?"

"என்ன பண்றது? துணி ஊற வெச்சிருந்தேன். தொவைக்கப் போனேன்."

"அது?"

"அதும் கூடவே வந்துச்சு. சொல்லிட்டே இருந்துச்சு. அலசிப் பிழிஞ்சு காயப் போடற வரைக்கும் இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்றதா? உன் வீட்டுலயா? அரிசி இல்லைன்னு சொன்னதுக்கே உங்கம்மா என் வாயில சர்க்கரையைப் போட்டு மூடினா! அந்த வீட்டுல நான் இதைச் சொல்றதா?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. சாமி அதைக் கவனித்தார். கரண்டியைத் தூணில் சாத்தி வைத்தார்.

"இப்ப என்ன சொல்றே?" என்றாள் பாவாயி. "புடி இவளை. எறங்கி வா. எங்கண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன்."

நஞ்சப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"வர்றேன். நிச்சயமா வர்றேன். ஆனா இது போகட்டும். இன்னிக்குத்தான் வெளிய சொல்லியிருக்கேன், இனிமே போயிரும். போனதும் நானே வந்து வாங்கிக்கறேன். இப்பக்கூட சொல்லிட்டிருக்குது பாவாயி. இந்த நிமிசம் சொல்லிட்டிருக்குது."

பாவாயியின் முகத்தில் என்னவோ அணைந்தது.

"சரி" என்றாள். "அது போறப்ப போகட்டும். நாங்க இப்பப் போறோம்."

திரும்பினாள்.

"நில்லும்மா" என்றார் சாமி. "குழந்தையை இங்க குடு."

சாமி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அது கண்ணை விழித்து, சாமியின் மூக்கைப் பார்த்தது.

"நஞ்சப்பா, அது எந்தக் குரல்ல பேசுது?"

"என் குரல்லயேதானுங்க."

"ஒரே குரலா? வேற தெரியாதா? பாவம்." சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்படிப் பேசத் தெரியாதா? 'ஏறு ஏறு ஏறு, உள்ள போ உள்ள போ, படியில நிக்காத! கீழ போடு கீழ போடு கீழ போடு, ரைட்டேய்!'"

அச்சு அசல் டவுன் பஸ் கண்டக்டர். விசில் மட்டும்தான் பாக்கி.

"சாமி, வேண்டாமுங்க" என்றான் நஞ்சப்பன். 'வேண்டாம்' என்று சொன்னது அவனுக்கே தெரியவில்லை.

"இதுவும் பிடிக்கலையா?" சாமி துண்டைக் கைமேல் போட்டு, உள்ளே விரலால் விலை பேசும் மாட்டுச் சந்தைத் தரகராக மாறினார். "'அட கீழ போடுங்க கவுண்டரே, போட்டுட்டுப் பேசுவோம், நமக்குள்ள என்ன!'"

"சாமி!"

சாமி மூக்கைப் பிடித்துக்கொண்டார். திருவிழா ஒலிபெருக்கி கரகரத்தது. "'பக்தகோடிகளின் கனிவான கவனத்துக்கு. குழந்தை வைத்திருப்பவர்கள் உடனடியாகக் கீழே போட்டுவிட்டுக் காலணிகள் பாதுகாக்கும் இடத்துக்கு அருகில் வரவும்.'"

பாவாயிக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கேலி பண்ணாதீங்க சாமி! நான் எத்தனை நாள் தூங்கலை தெரியுமா? எனக்கு உசிரு போகுது, உங்களுக்குக் கூத்தா?"

"அட, கோவம் வருதே! சாணி அள்ளச் சொன்னப்பகூட வரலையே உனக்கு."

"சொல்லிட்டேன், இவ முன்னாடி அந்தப் பேச்சு வேண்டாம்!"

சாமி குழந்தையின் முகத்துக்குக் கிட்டே குனிந்தார். இப்போது வந்த குரல் கண்டக்டர் குரல் இல்லை, தரகர் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் நடுக்கம், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு மூச்சு. நஞ்சப்பனின் குரல். உரித்து வைத்ததுபோல இருந்தது.

"'கீழ... போடு.'"

குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

"'கீழ போடு. இவளைக் கையில வாங்கி, கீழ...'"

நஞ்சப்பன் பாய்ந்தான். மொச்சைக்கூடை கவிழ்ந்தது. சாமியின் மடியிலிருந்து குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஒரு கை கழுத்துக்கு அடியில், ஒரு கை முதுகில்.

"எம் புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு என்ன பேச்சுங்க பேசறீங்க! சாமியா இருந்தா? சாமியா இருந்தா என்ன வேணும்னாலும் சொல்லலாமா? பச்ச மண்ணு, அதுங்கிட்டப் போயி... இன்னொரு தடவை சொன்னீங்கன்னா..."

நிறுத்திவிட்டான்.

தன் தோளைப் பார்த்தான். தோளில் ஒரு சின்னத் தலை இருந்தது. அதில் கொஞ்சம் முடி இருந்தது. பால் வாசம் அடித்தது.

பாவாயியை நோக்கி ஓரடி வைத்தான்.

"பாவாயி" என்றான். "இந்தா. வாங்கிக்க."

பாவாயி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்குக் கை வலிக்குது. இவ பொறந்ததுலயிருந்து நான் ஒருத்திதான் தூக்கறேன்."

"சொல்லுது பாவாயி. இப்ப பலமாச் சொல்லுது. வாங்கிக்க."

"கை வலிக்குதுன்னேன்."

"சாமி, நீங்களாச்சும்..."

சாமி தரையில் சிதறிய மொச்சையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

குழந்தை அழுதது. நஞ்சப்பன் நிற்க முடியாமல் நடந்தான். தூணிலிருந்து மாட்டுக்கொட்டகை வரை நடந்தான், திரும்பினான். பாவாயி பின்னாலேயே வந்து, "குலுக்காத. மெல்லத் தட்டு. அங்க இல்லை, கீழ" என்று சிடுசிடுத்தாள். தட்டினான். கீழேயிருந்து வேன் ஹாரன் நீளமாக அடித்தது. பாவாயி மதில் ஓரம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுண்ணா! உசிரை வாங்காத!" என்று கத்திவிட்டு வந்தாள்.

நஞ்சப்பன் நடந்தான். உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. தாலாட்டோ, வசவோ, யாருக்கும் கேட்கவில்லை. கன்னத்தில் அறைந்துகொள்ளக் கை இல்லை. இரண்டு கையிலும் வேலை இருந்தது.

அழுகை விசும்பலானது. விசும்பல் நின்றது. சின்ன வாய் திறந்தபடி அவன் சட்டைக் காலரை நனைத்தது.

பாவாயி படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் என்றைக்கோ தூங்கியவள்தான்.

நஞ்சப்பன் சாமிக்கு எதிரே வந்து நின்றான். கண்ணில் தண்ணீர், முகத்தில் கோபம், ஏமாந்துவிட்ட கோபம்.

"நிக்கலை சாமி!" என்று வெடித்தான். "நீங்க பண்ணின கூத்துல போயிரும்னு பாத்தேன். போகலை! இன்னமும் கத்திட்டேதான் இருக்குது!"

மடத்தில் யாரும் கேட்டறியாத அளவுக்குச் சாமி குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லப் பேசு. குழந்தை தூங்குது."